மனநல வார்டில் டெக்னீஷியன் வேலை எப்படி இருக்கும்?

ஒருவர் கேட்டிருக்கிறார்: சைக்கியாட்ரிக் டெக்னீஷியன் வேலைக்குப் படிக்கலாமா என்று யோசிக்கிறேன். அவர்கள் நாள் முழுக்க என்னதான் செய்வார்கள்? அடி விழுமா? நான் அதிகம் பேசாத ஆள், எனக்கு ஒத்துவருமா?

உள்நோயாளிகள் வார்டில் பதினாறு வருடம் இந்த வேலை பார்த்திருக்கிறேன். கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அதற்குப் பதில் தெரிந்தால் மற்ற இரண்டும் பாதி விளங்கிவிடும். ஒத்துவரும். நான் கூட வேலை பார்த்தவர்களில் மிகச் சிறந்தவர்கள் என்று நினைக்கும் ஐந்தாறு பேரில் நான்கு பேர் அதிகம் பேசாதவர்கள். இந்த வேலையில் வாய்க்கு வேலை குறைவு, கண்ணுக்குத்தான் அதிகம்.

வார்டில் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தால் ஒரு நோயாளியோடு பத்து, பதினைந்து நிமிடம் இருப்பார். நர்ஸுக்கு மருந்து, ஊசி, அட்மிஷன், டிஸ்சார்ஜ் என்று கை நிறைய வேலை. ஷிப்ட் முழுக்க நோயாளிகளின் நடுவிலேயே இருப்பவர் டெக்னீஷியன்தான். யார் சாப்பிடவில்லை, யார் இரவு மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்திருந்தார், யாருடைய பேச்சு நேற்றைவிட வேகமாகிவிட்டது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவர் எழுதுவதைப் படித்துத்தான் டாக்டர் மருந்தைக் கூட்டுகிறார், குறைக்கிறார், வீட்டுக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்கிறார். தமிழில் ‘கவனி’ என்றால் உற்றுப் பார் என்றும் பொருள், பார்த்துக்கொள் என்றும் பொருள். அந்த இரண்டு பொருளும் ஒரே வேலையாகும் இடம் இது.

ஒரு நாள் எப்படிப் போகும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஷிப்ட் மாறும்போது ஹேண்டோவர். முந்தைய ஷிப்டில் யாருக்கு என்ன நடந்தது என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள். பிறகு வார்டைச் சுற்றி வந்து ஆட்களை எண்ண வேண்டும். கூர்மையான பொருள், கயிறு, லைட்டர், பிளாஸ்டிக் பை போன்றவை எங்கேயாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிபி, நாடி, காய்ச்சல் பார்ப்பது, குளிக்கவும் சாப்பிடவும் உதவுவது, குழுச் சந்திப்பு நடத்துவது, மருந்து கொடுக்கும் நேரத்தில் கூட நிற்பது, எல்லாவற்றையும் சார்ட்டில் எழுதுவது. மருந்தை யார் கையால் கொடுக்கலாம் என்பது இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் இது உரிமம் பெற்றுச் செய்யும் வேலை. அங்கே பயிற்சி 1,530 மணி நேரம், அதில் 954 மணி நேரம் வார்டு அனுபவம். அப்படி உரிமம் பெற்றவர்கள் மருந்தும் கொடுக்கலாம். வேறு பல இடங்களில் சில வாரப் பயிற்சியோடு வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள். அங்கே மருந்து நர்ஸின் பொறுப்பு.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கவனிப்பது என்றால் சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். ஒரு சம்பவம் சொல்கிறேன்.

மனநிலை உச்சத்துக்கும் தாழ்வுக்கும் மாறி மாறிப் போகும் பைபோலார் நோய்க்காக லித்தியம் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர். உயரமான ஆள், வார்டிலேயே அதிகம் பேசுபவர். இரண்டு நாளாக அவருக்கு வயிற்றுப்போக்கு. மூன்றாம் நாள் காலை தண்ணீர் குடிக்க டம்ளரை எடுத்தார், இரண்டு கையாலும். அதுவரை ஒரு கையால் எடுத்து, மறுகையால் யாரையாவது சுட்டிக்காட்டிப் பேசிக்கொண்டே குடிப்பவர். டம்ளர் உதட்டுக்குப் போகும் வழியில் ஆடியது, கொஞ்சம் மார்பில் சிந்தியது. எழுந்து நடந்தபோது கால்களை அகட்டி வைத்தார். கூட வேலை பார்த்த பெண் இதைப் பார்த்துவிட்டு நேராக நர்ஸிடம் போய், “அடுத்த வேளை லித்தியம் கொடுப்பதற்கு முன் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்” என்றாள். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், 1.9 இருந்தது. லித்தியம் ரத்தத்தில் பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.2 மில்லிமோல் வரை இருக்கலாம். 1.5ஐத் தாண்டினாலே நச்சு அறிகுறிகள் தலைகாட்டும். வயிற்றுப்போக்கில் உடம்பிலிருந்து நீர் போய்விட்டால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். அளவு மாறாமல் அதே மாத்திரைதான், ஆனால் உடம்பில் தேங்கிவிட்டது. டம்ளரைப் பிடித்த விதத்தை ஒருத்தி பார்த்ததால் அவர் அன்றே பிழைத்துக்கொண்டார்.

இதைவிட அடிக்கடி நடப்பதும், இதைவிட அதிகம் நம் கண்ணில் படாமல் போவதும் ஒன்று உண்டு: கால் பரபரப்பு. மனச்சிதைவுக்குக் கொடுக்கும் மருந்துகள் சிலருக்கு உடம்பை ஓர் இடத்தில் இருக்கவிடாது. உட்காருவார், உடனே எழுவார், நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி மிதிப்பார், வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார். பார்ப்பவருக்கு நோய் முற்றிவிட்டது போலத் தோன்றும். “நோயாளி பதற்றமாக இருக்கிறார்” என்று சார்ட்டில் எழுதினால், அதைப் படித்து அதே மருந்தை இன்னும் கூட்டிவிட வாய்ப்பு உண்டு. கூட்டினால் கால் இன்னும் பறக்கும். நான் புதியவர்களுக்குச் சொல்லித் தருவது ஒரே ஒரு கேள்வி: “உங்களுக்கு மனசு படபடக்கிறதா, இல்லை காலா உட்காரவிட மாட்டேன் என்கிறது?” மருந்தால் வந்தது என்றால் பெரும்பாலானவர்கள் சட்டென்று சொல்வார்கள், “காலுதாங்க.” அந்த ஒரு வார்த்தையை அப்படியே சார்ட்டில் எழுதி, நர்ஸிடம் வாயாலும் சொல்லுங்கள். இந்த அவஸ்தை தாங்காமல் உயிரை மாய்த்துக்கொள்ள நினைப்பவர்களும் உண்டு, அதனால் இதைச் சின்ன விஷயமாக நினைத்துவிடாதீர்கள்.

அதேபோல் கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, கண் மேலே செருகி நின்றால் அது நடிப்பு இல்லை. மருந்து ஆரம்பித்த முதல் சில நாட்களில் வரும் தசைப்பிடிப்பு, ஓர் ஊசியில் சரியாகிவிடும். அதிகக் காய்ச்சல், மரக்கட்டை மாதிரி விறைத்த உடம்பு, வியர்வை, குழப்பம் எல்லாம் சேர்ந்து வந்தால் அது உயிருக்கே ஆபத்து, ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. குளோசபின் என்ற மனச்சிதைவு மருந்தைச் சாப்பிடுபவருக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் சாதாரணச் சளி என்று விடக் கூடாது. வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கலாம். அவரிடம் மலம் போனதா என்று தினமும் கேட்க வேண்டும். கூச்சமாக இருக்கும், கேட்டே ஆக வேண்டும். அந்த மருந்தில் மலச்சிக்கல் முற்றிக் குடலே அடைத்து இறந்தவர்கள் உண்டு.

சார்ட் எழுதுவதைப் பற்றி இன்னும் கொஞ்சம். “ஆக்ரோஷமாக நடந்துகொண்டார்” என்று எழுதினால் அது உங்கள் கருத்து. “இரவு 9:40க்குப் போன் கேட்டார், நேரம் முடிந்துவிட்டது என்று சொன்னோம், கதவை மூன்று முறை உள்ளங்கையால் ஓங்கித் தட்டினார், ஐந்து நிமிடத்தில் போய்ப் படுத்துவிட்டார்” என்று எழுதினால் அது நடந்தது. முதலாவதைப் படிப்பவர் அவரைப் பார்த்துப் பயப்படுவார். இரண்டாவதைப் படிப்பவர், போன் ஏன் அவ்வளவு அவசரமாகத் தேவைப்பட்டது என்று கேட்பார். ஆக்ரோஷமானவர் என்ற அந்த ஒரு சொல் அடுத்த அட்மிஷனிலும் கூடவே வரும், வருடக்கணக்கில் வரும்.

நான் எழுதிய ஒரு வரியை இன்றுவரை மறக்க முடியவில்லை. முதல் வருடம். கடுமையான மனச்சோர்வோடு வந்திருந்த ஒருவர், மூன்று வாரமாகச் சுவரைப் பார்த்தே படுத்திருந்தவர், ஒரு நாள் காலை குளித்து, தலை சீவி, எல்லோரிடமும் சிரித்துப் பேசினார். பக்கத்துக் கட்டில்காரருக்குத் தன் கைக்கடிகாரத்தைக் கொடுத்துவிட்டார். நான் மகிழ்ச்சியோடு எழுதினேன்: “இன்று நல்ல மனநிலையில் இருந்தார்.” மாலை ஹேண்டோவரில் அதை வாசித்தபோது மூத்த நர்ஸ் ஒருவர் நிறுத்தினார். “கடிகாரத்தையா கொடுத்தார்?” என்று மட்டும் கேட்டார். எழுந்து போய் அவர் கட்டில் ஓரம் உட்கார்ந்து, “சாகணும்னு முடிவு பண்ணிட்டீங்களா?” என்று நேராகவே கேட்டார். அந்த மனிதர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஆமாம் என்றார். எப்படி என்பதையும் சொன்னார். அன்று இரவு முழுக்க ஓர் ஆள் கை எட்டும் தூரத்தில் அவரோடு இருந்தோம்.

அந்த நாளில் நான் கற்றது இரண்டு. முடிவெடுத்துவிட்டவருக்கு ஒரு நிம்மதி வரும், வெளியிலிருந்து பார்த்தால் அது குணமானது போலவே இருக்கும். மருந்து வேலை செய்யத் தொடங்கும்போதும் மனம் தெளிவதற்கு முன்னால் உடம்பில் தெம்பு வந்துவிடலாம், அந்த நாட்களில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். இன்னொன்று, தற்கொலையைப் பற்றி நேரடியாகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் தவறு. கேட்டால் பெரும்பாலும் பாரம்தான் குறையும். சுற்றி வளைக்காமல் கேட்கப் பழகுங்கள். வீட்டில் கண்ணாடி முன் நின்று அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தாவது பழகுங்கள், முதல் தடவை தொண்டையில் சிக்கும்.

பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஆளைப் பார்த்துக் குறிப்பது என்று ஒரு வேலை இருக்கிறது. சலிப்பான வேலைதான், ஆனால் வார்டிலேயே அதிக உயிர்களைக் காப்பது அதுவாகத்தான் இருக்கும். கடிகாரம் மாதிரி சரியாகப் பதினைந்தாவது நிமிடம் போகாதீர்கள். எட்டு, பதின்மூன்று, பத்து என்று மாற்றிப் போங்கள். ஆபத்தில் இருப்பவர் உங்கள் நடையை எண்ணிக்கொண்டிருப்பார். இரவில் போர்வையைப் பார்த்துவிட்டு டிக் போடாதீர்கள், மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகு போடுங்கள். போகாமலே மொத்தமாக டிக் போடுகிற ஆட்களை எல்லா இடத்திலும் பார்க்கலாம். உங்கள் கூட வேலை செய்பவர் அப்படிச் செய்தால் சொல்லித் தடுக்க வேண்டும், கேட்காவிட்டால் மேலே சொல்ல வேண்டும். இதில் நட்புக்கு இடமில்லை.

சரி, அடி விழுமா? விழலாம். மறைக்க மாட்டேன். பணியிடத்தில் காயம்படுவோர் விகிதம் மிக அதிகமாக உள்ள தொழில்களில் ஒன்றாக அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை இதைச் சொல்கிறது. எனக்கு ஒரு முறை மணிக்கட்டு முறிந்திருக்கிறது, கடியும் வாங்கியிருக்கிறேன். ஆனால் மனநோய் உள்ளவர் என்றாலே அடிப்பார் என்ற எண்ணத்தோடு யாரும் உள்ளே வரக் கூடாது. நான் பார்த்த நோயாளிகளில் மிகப் பெரும்பாலானவர்கள் யாரையும் தொட்டதுகூட இல்லை. பயந்துபோனவர், கேட்டது கிடைக்காதவர், இழுத்துப் பிடிக்கப்பட்டவர், இவர்கள்தான் கை ஓங்குவார்கள். நாம் செய்யும் காரியமே அந்தப் பயத்தை உண்டாக்குவதும் உண்டு.

ஓர் இரவு இரண்டு மணிக்கு ஓர் இளைஞன் வெளிக்கதவை எட்டி உதைத்துக்கொண்டிருந்தான். அன்று சாயங்காலம்தான் அட்மிஷன். நான்கு பேர் ஓடினோம், நால்வரும் ஒரே நேரத்தில் பேசினோம், அவன் இன்னும் உதைத்தான். எங்களில் மூத்தவர் கையைக் காட்டி மற்றவர்களைப் பின்னால் நிற்கச் சொன்னார். இரண்டு கை தூரத்துக்கு அப்பால், நேருக்கு நேர் நிற்காமல் சற்றுச் சாய்வாக, கைகள் வெளியே தெரியும்படி நின்றார். ஒரு நிமிடம் ஒன்றுமே பேசவில்லை. அப்புறம் மெல்லிய குரலில், “தம்பி, இப்ப உடனே என்ன வேணும் உனக்கு?” என்றார். அவன் கத்தினான். அவர் காத்திருந்தார். மூன்றாவது முறை கேட்டபோது அவன் சொன்னான், “என் செருப்பு.” அட்மிஷனில் வாங்கி வைத்த ஷூவைத் திருடிவிட்டோம் என்று நினைத்திருக்கிறான். லாக்கரைத் திறந்து, பெயர் எழுதிய பைக்குள் இருந்த ஷூவைக் காட்டினோம். போய்ப் படுத்துக்கொண்டான். ஊசியும் இல்லை, கட்டும் இல்லை.

எப்போதும் இப்படி முடியாது. சில சமயம் பிடித்தே ஆக வேண்டும், கட்டவும் வேண்டியிருக்கும். அப்போது ஒருவர் மட்டும் பேச வேண்டும், அதுவும் அவரிடம். குப்புறப் போட்டு முதுகில் எடை வைக்கவே கூடாது. மூச்சு நின்று இறந்தவர்கள் இருக்கிறார்கள். “மூச்சு முட்டுது” என்று சொன்னால், பேச முடிகிறதே, அப்புறம் எப்படி முட்டும் என்று ஒருபோதும் வாதாடாதீர்கள். அமெரிக்காவில் வன்முறைக்காக வயது வந்த ஒருவரைக் கட்டிவைக்கும் உத்தரவு ஒன்று அதிகபட்சம் 4 மணி நேரத்துக்குத்தான் செல்லும், அதற்கு முன் ஆபத்து நீங்கினால் உடனே அவிழ்க்க வேண்டும். நீங்கள் எங்கே வேலை செய்தாலும் அங்குள்ள விதியை முதல் வாரமே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அதைவிட முக்கியம் மறுநாள். கட்டப்பட்டவரிடம் போய் உட்கார்ந்து, நேற்று என்ன நடந்தது, அடுத்த முறை நாங்கள் என்ன செய்தால் உங்களுக்கு உதவும் என்று கேளுங்கள். பலர் இதைத் தவிர்க்கிறார்கள், வெட்கமாக இருக்கும் என்பதால். அந்த வெட்கம் நமக்குத்தான், அவருக்கோ யாராவது வந்து கேட்க வேண்டும்.

இதெல்லாம் நல்ல மனசு விஷயம் மட்டும் என்று நினைக்க வேண்டாம், சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் லென் போவர்ஸ் என்ற ஆய்வாளர் தலைமையில் ‘சேஃப்வார்ட்ஸ்’ என்ற முறையை 15 மருத்துவமனைகளின் 31 வார்டுகளில் ஆராய்ந்து 2015ல் வெளியிட்டார்கள். அதில் இருந்த பத்து விஷயங்களும் எளிமையானவை. ஹேண்டோவரில் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் நல்லதாக ஒன்றாவது சொல்வது, கெட்ட செய்தி வரும் நாளில் முன்கூட்டியே துணைக்கு இருப்பது, ‘முடியாது’ என்று சொல்லும் விதத்தை மாற்றுவது இப்படி. மோதல்கள் 15 சதவீதமும், கட்டுவது, தனியறையில் அடைப்பது போன்றவை 26.4 சதவீதமும் குறைந்தன. படித்த பிறகு நான் வேலை பார்த்த வார்டில் அந்த ஹேண்டோவர் வழக்கத்தை மட்டும் கொண்டுவந்தோம். “கட்டில் ஏழு, தொந்தரவு” என்று போய்க்கொண்டிருந்த பேச்சு, “ஏழாம் கட்டில் அம்மா இன்று புதிதாக வந்த பெண்ணுக்குத் தலை பின்னிவிட்டார்” என்று மாறியது.

இதைச் சொல்லும்போது ஒருவரை நினைத்துக்கொள்வேன். மனநோயாளிகளின் சங்கிலியை அவிழ்த்தவர் என்று பாரிஸ் டாக்டர் பிலிப் பினெலைச் சொல்வார்கள். 1797ல் பிசெத்ர் மருத்துவமனையில் உண்மையில் அதைச் செய்தவர் ழான்-பாப்டிஸ்ட் புசேன். டாக்டர் அல்ல, தோல் பதனிடும் தொழிலாளி. கழுத்தில் கட்டிகள் வரும் கண்டமாலை நோய்க்கு அங்கே சிகிச்சைக்கு வந்து, குணமாகி, அங்கேயே வேலையில் அமர்ந்து வார்டுக்குப் பொறுப்பாளராக உயர்ந்தவர். நோயாளிகளை யாரும் அடிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டவர். தேறிய நோயாளிகளையே ஊழியர்களாகச் சேர்த்துக்கொண்டவர். சங்கிலிக்குப் பதிலாகக் கைகளைக் கட்டும் சட்டை வந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஒரே நாளில் எல்லாம் மாறிவிடவில்லை. நாள் முழுக்க வார்டிலேயே இருந்த ஒருவர் பார்த்துப் பார்த்துக் கற்றதைத்தான் பினெல் அவரிடமிருந்து கற்றுக்கொண்டார். நம் வேலையின் பரம்பரை அவரிடமிருந்து வருகிறது என்றே நான் நினைக்கிறேன்.

குரல் கேட்கிறது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்று சொல்பவரிடம் என்ன பேசுவது என்பது எல்லோருக்கும் வரும் சந்தேகம். அப்படி எதுவும் இல்லை என்று சண்டை போடாதீர்கள், ஆமாம் எனக்கும் கேட்கிறது என்று பொய்யும் சொல்லாதீர்கள். “எனக்குக் கேட்கவில்லை. உங்களுக்குக் கேட்கிறது என்பதை நம்புகிறேன். பயமாக இருக்கும். கொஞ்ச நேரம் கூட இருக்கட்டுமா?” இவ்வளவு போதும். குரல் அவரை ஏதாவது செய்யச் சொல்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், அதைத் தெரிந்துகொள்வது அவசியம். பேசாத சுபாவம் உங்களுக்குக் கைகொடுக்கும் இடம் இதுதான். பதினோரு நாள் யாரிடமும் பேசாத ஒரு பெண்ணின் பக்கத்தில் தினமும் அரை மணி நேரம் வெறுமனே உட்கார்ந்திருக்கிறேன். பன்னிரண்டாம் நாள் அவள் சொன்ன முதல் வாக்கியம், “நேத்து ஏன் லேட்டு?”

சம்பளத்தைப் பற்றி ஒரு வரி: நர்ஸைவிடக் குறைவு, உழைப்புக்குக் குறைவு, இது அநியாயம் என்பது என் கருத்து. பலர் இதிலிருந்து நர்ஸிங், சமூகப் பணி, தொழில்வழிச் சிகிச்சை என்று மேலே படிக்கப் போகிறார்கள். அந்த வழி திறந்தே இருக்கிறது.

மனசுக்கு என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். நைட் டியூட்டி தூக்கத்தைக் கெடுக்கும். நீங்கள் பார்த்துக்கொண்ட ஒருவர் டிஸ்சார்ஜ் ஆன சில நாட்களில் இறந்துவிட்டார் என்ற செய்தி ஒரு நாள் வரலாம். தற்கொலை ஆபத்து அதிகமாக இருக்கும் காலம் அதுதான். அந்தச் செய்தியை வீட்டுக்குத் தனியாகத் தூக்கிப் போகாதீர்கள், கூட வேலை செய்தவர்களோடு உட்கார்ந்து பேசிவிட்டுப் போங்கள். நோயாளியிடம் சொந்த போன் நம்பர் கொடுப்பது, பணம் கொடுப்பது, வாங்குவது வேண்டாம். அன்பில்லாமல் இதைச் சொல்லவில்லை. நீங்கள் ஷிப்ட் முடிந்து போன பிறகும் அவர் நம்பி நிற்பதற்கு மொத்த வார்டும் வேண்டும், நீங்கள் ஒருவர் போதாது.

சேருவதற்கு முன் முடிந்தால் ஒரு ஷிப்ட் உள்ளே நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். நேர்முகத் தேர்வில் மூன்று கேள்வி கேளுங்கள். இரவில் ஒரு டெக்னீஷியனுக்கு எத்தனை நோயாளிகள்? கோபமாக இருப்பவரைப் பேசி அமைதிப்படுத்தும் பயிற்சி எத்தனை நாள், யார் தருகிறார்கள்? கைகலப்பு நடந்தால் மறுநாள் ஊழியரோடும் நோயாளியோடும் யார் உட்கார்ந்து பேசுவார்கள்? மூன்றாவது கேள்விக்கு அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டால், வேறு இடம் பாருங்கள்.